அடுப்படித் தூணைத் தட்டிப் பார்த்தவன்

அன்பு மகனுக்குச் சித்தப்பன் எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். உன் அப்பாவின் வீட்டை நீ விற்பாய் என்று சொன்னவன் நான். ஈப்போவுக்குப் போகிறவன் திரும்ப மாட்டான், பெண் கொடுத்த ஊரே அவனுக்குச் சொந்த ஊராகிவிடும் என்று உன் கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே சொன்னேன். அந்த வரிசையில் இருந்த நாற்பது பேரும் கேட்டார்கள். பெரிய வெள்ளம் வரும் என்று ஆற்றில் முழங்கால் அளவுத் தண்ணீர் ஓடும்போதே சொன்னேன். என் பழைய வீட்டின் அடுப்படி விழும் என்றும் சொன்னேன், விழுந்தது. கிள்ளானில் இப்போது என் பேரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது; வாக்குச் சித்தப்பா எங்கே என்று கேள், குதிரைவண்டிக்காரன்கூட வாசலில் கொண்டுவந்து விடுவான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் மழை வருமா என்று அறிய வானத்தைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்க்கிறார்கள். நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். இந்தக் கடிதத்தில் சிரிக்கிற இடம் இதோடு சரி.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டை ஒரு வாத்தியார் கேட்கிறார், பெண்டாட்டியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள், தைப்பூசத்துக்கு முன்னால் குடிபுக வேண்டும் என்று அவசரப்படுகிறார், சித்தப்பா ஒரு நடை போய்ச் சுண்ணாம்பு அடிக்க ஆள் விட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டால் போதும் என்று எழுதியிருக்கிறாய். நல்லது. அதற்கு முந்தைய கடிதத்தில், விற்குமுன் ஒரு தச்சனை விட்டு வீட்டைப் பார்க்கச் சொல் என்று நான் எழுதியிருந்தேன். அதற்கு நீ எழுதிய பதிலை இங்கே அப்படியே எழுதுகிறேன்: “உங்கள் வீட்டையும்தான் ஒரு தச்சன் வந்து தட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னான். அதற்குப் பிறகுதானே விழுந்து ஒரு பெண் செத்தாள். அப்படிப்பட்ட ஆட்களைக் கூப்பிட்டு என்ன பிரயோசனம்?” இந்த வரியைப் படித்தபின் காகிதத்தை மடித்தேன், மறுபடியும் பிரித்தேன். உன் சித்தி வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். பையன் சௌக்கியமாம் என்று சொன்னேன். என் பதிலை நீ பொறுமையாகப் படிக்க வேண்டும். அந்த இரண்டு பெண் பிள்ளைகளும் நாளைக்கு அந்த அடுப்படியில் உட்கார்ந்துதான் சோறு தின்னப் போகிறார்கள்.

முதலில் அந்த இரண்டு வீடுகளின் கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உனக்குத் தெரிந்தது நான் சொன்ன கதை. உன் அப்பாவும் நானும் ரயில் வேலையில் இருந்தபோது ஒரே வருஷத்தில், ஒரே ஆட்களைக் கொண்டு, மூன்று வாசல் இடைவெளியில் அந்த வீடுகளைக் கட்டினோம். செங்கல் கட்டைகளின்மேல் பலகை வீடு, தகரக் கூரை, பின்னால் தாழ்வாரம் இறக்கி அடுப்படி. நான் அப்போது பாதை போடுகிற கூட்டத்துக்கு மண்டோர், நம் ஊர்ப் பேச்சில் மேஸ்திரி. மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன்தான், ஆனால் என் மூன்றாம் வகுப்பு மற்றவர்களின் ஏழாம் வகுப்புக்குச் சமம். பாலத்துக்குத் தூண் எங்கே நிறுத்தலாம் என்று வெள்ளைக்கார எஞ்சினீயர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து கேட்டிருக்கிறார். அப்படிப்பட்ட நான் கட்டிய வீடு என்பதால் ரயில் ஆட்கள் குடியிருந்த லைனில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்: முழுவதும் செங்கால் மரம், மலாய்க்காரர்கள் இரும்புக்கு ஈடாகச் சொல்கிற மரம், கரையான் வந்தால் பல் உடைந்து திரும்பும். முன்பகுதிக்கு அது உண்மை. பிரித்துப்போட்ட ஒரு பழைய கொட்டகையிலிருந்து கிடைத்த செங்கால் தூண்கள் இரண்டு வீட்டு முன்பகுதிக்கு மட்டும்தான் போதுமாயிருந்தன. அடுப்படிகளுக்கு என்ன மரம் கிடைத்ததோ அதைப் போட்டோம், அதன்மேல் தார் பூசினோம். தார் பூசினால் எல்லா மரமும் ஒன்றுபோல் கறுப்புத்தான். உன் அப்பா யாரிடமும் அதைப்பற்றிப் பேசவில்லை. நான்தான் ஊரெல்லாம் பேசினேன். ஆகவே உன் வீட்டு அடுப்படியில் நடுவாக நின்று கூரையைத் தாங்குகிறதே, அந்தத் தூண் செங்கால் இல்லை மகனே. என் வீட்டில் நின்றதும் அதன் உடன்பிறப்புதான்.

பெரிய வெள்ளத்தில் ஆறு ஏறி வந்து இரண்டு வீடுகளிலும் ஆள் மார்பளவு நின்றது. நான் ஆளுயரம் என்று சொல்லுவேன், மார்பளவுதான். தண்ணீர் வடிந்தபோது வீட்டுக்குக் கீழே, கட்டைகளுக்கு நடுவில், களிமண் வந்து படிந்துவிட்டது. முன்பக்கத்தை வாரிக் கொட்டினோம். அடுப்படிக்குக் கீழே குனிந்து புகுந்து வார யாருக்கும் முதுகு வளையவில்லை. அந்த ஈரம் அங்கேயே இருந்தது. அடுத்த வருஷமே உன் சித்திக்குத் தெரிந்துவிட்டது. அம்மியில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, இந்தத் தூண முட்டுனா பானையத் தட்டுற மாதிரி கேக்குது. மேல இருந்து மாவு மாதிரி என்னமோ கொட்டுது பாருங்க.”

“மரத்துக்கு வயசானா மாவு கொட்டத்தான் செய்யும். எனக்குக்கூடத்தான் கொட்டுது.”

“உங்களுக்குக் கொட்டுறது மாவு இல்ல, பீத்தல்,” என்று சொல்லிவிட்டு அம்மியை வேறு பக்கம் நகர்த்திக்கொண்டாள். நான் அதைச் சிரிப்புக்குச் சொல்கிற கதையாக்கிப் பத்து இடத்தில் சொன்னேன். தூணைப் பார்க்கவில்லை.

பிறகு எனக்குக் கிள்ளான் துறைமுகப் பண்டகசாலையில் மண்டோர் வேலை கிடைத்தது, வீட்டை விற்க வேண்டி வந்தது. நீ அப்போது பினாங்கில் படித்துக்கொண்டிருந்தாய். வாங்க வந்தவன் பொன்னுசாமி, என்ஜின் கொட்டகையில் வேலை, புதிதாகக் கல்யாணமாகி ஊரிலிருந்து பெண்டாட்டியைக் கப்பலில் அழைத்து வந்திருந்தான். செல்லம்மாள் என்று பெயர். இவ்வளவு நாள் லைன் வீட்டில் நாலு குடும்பத்தோடு ஒரே அடுப்படியில் இடித்துக்கொண்டு சமைத்தவள், எனக்கென்று ஒரு அடுப்பு வேண்டும் என்று அவனைப் பிடுங்கி எடுத்திருந்தாள். வீட்டைப் பார்க்க வந்தபோது முன்பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போனாள். ஜன்னலைத் திறந்து பார்த்து, “இங்க காத்து வருது,” என்று புருஷனிடம் சொன்னாள். அவ்வளவுதான். அவளுக்கு வீடு பிடித்துப்போன சங்கதி எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று உன் அப்பா என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். அதிகம் பேசாத மனிதர். பேசினால் கேட்டுத்தான் ஆக வேண்டும். “டேய், விக்கிறதுக்கு முன்னாடி வேல தெரிஞ்சவன் ஒருத்தன் வந்து பாக்கட்டும். வாங்குறவன் நம்ம ஆளு. நாளைக்கு டேசன்ல அவன் மூஞ்சில முழிக்கணும்ல,” என்றார். என் கண்ணை விடவா என்று கேட்டேன். “ஒன் கண்ணு நல்ல கண்ணுதான். ஒன் வாயிதான் அதுக்கு முன்னாடி போய் நிக்குது,” என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாளில் அவரே புடு பக்கத்திலிருந்து அ லோக் என்கிற சீனத் தச்சனைக் கூட்டி வந்தார். அ லோக்குக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, வலது கையில் கட்டைவிரல் பாதிதான். அந்த வட்டாரத்தில் யார் வீடு வாங்கினாலும் விற்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நம் ஆட்கள், மலாய்க்காரர், சீனர் எல்லாருக்கும் அவன் சொல்தான் சீட்டு. உன் அப்பாவுக்கு அன்று பகல் முறை வேலை. தச்சனை என்னிடம் விட்டுவிட்டு அவர் போய்விட்டார். உன் சித்தி முன்னதாகவே கிள்ளானுக்குப் போய்விட்டாள். வீட்டில் அவனும் நானும்தான்.

அவன் பார்த்ததை உனக்கு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். வீட்டை மூன்று முறை சுற்றினான். சின்னச் சுத்தியலை எடுத்து ஒவ்வொரு தூணிலும் மேலே, நடுவில், கீழே என்று மூன்று தட்டு. வைத்தியன் நெஞ்சில் காதை வைப்பதுபோல் தூணில் காதை வைத்துக் கேட்டான். வயிற்றால் ஊர்ந்து வீட்டுக்குக் கீழே போனான், முகமெல்லாம் களிமண்ணாக வெளியே வந்தான். கூரை ஏறினான். கடைசியாக அடுப்படித் தூணைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, பாகுஸ் துவான், நன்றாக இருக்கிறது ஐயா, நூறு வருஷம் நிற்கும் என்று சொன்னான். நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனான். சாயங்காலம் உன் அப்பா வந்து என்ன சொன்னான் என்று கேட்டார். இதைத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, சரி, அ லோக்கே சொல்லிட்டான்னா சரி என்றார்.

அடுத்து நான் செய்தது உனக்குத் தெரியாது. உன் சித்திக்கும் பாதிதான் தெரியும். பொன்னுசாமி சாமான் கொண்டுவருவதற்கு முந்தின நாள், நான் அந்த அடுப்படித் தூணைக் கழுவி, அடியிலிருந்து ஆளுயரத்துக்கு மஞ்சள் பூசினேன். மேலே மூன்று பெரிய குங்குமப் பொட்டு வைத்தேன். இடுப்பில் மஞ்சள் துணி சுற்றினேன். கீழே ஒரு அகல் விளக்கு. பொன்னுசாமியும் செல்லம்மாளும் வந்து பார்த்தபோது, இது முனீஸ்வரன் தூண், வீடு கட்டுகிற நாளிலேயே கனவில் வந்து இந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார், ஆணி அடிக்கக் கூடாது, தட்டக் கூடாது, துணியை அவிழ்க்கக் கூடாது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே நன்றாக வந்தது. வெள்ளம் வந்தபோது தண்ணீர் இந்தத் தூணுக்கு ஒரு சாண் தள்ளியே நின்றது என்றேன். அவர்கள் இரண்டு பேரும் கைகூப்பி நின்றார்கள். நம் ஆட்களில் ஒருவன், எவ்வளவு படித்தவனாகவும் இருக்கட்டும், மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த ஒன்றைச் சுத்தியலால் தட்டிப் பார்த்ததை நீ கண்டிருக்கிறாயா? அந்தத் துணிக்கு அடியில் கையைவிட மாட்டான். உள்ளே என்ன இருக்கிறது என்று யோசிப்பதே பாவம் என்று நினைப்பான். அ லோக் நன்றாக இருக்கிறது என்று சொன்ன தூணை நான் ஏன் மறைக்க வேண்டும் என்று நீ கேட்பாய். கேள். வீட்டுக்கு ஒரு மதிப்பு வரட்டும் என்று செய்தேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செல்லம்மாள் அதைக் கும்பிட்டாள். வெறும் கும்பிடு இல்லை. நாள் தவறாமல் காலையில் குளித்துவிட்டு ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை அந்தத் தூணின் அடியில் ஊற்றினாள். வெள்ளிக்கிழமை பால். அவளுக்கு வேறு யார் இருந்தார்கள் இந்த நாட்டில்? கல்யாணமாகி மூன்று மாதத்தில் கடல் தாண்டி வந்தவள். வீட்டில் ஒரு தெய்வம் ஏற்கெனவே குடியிருக்கிறது என்றால் அது அவளுக்குத் தாய்வீடு மாதிரி. ஒருமுறை நான் பிரிக்பீல்ட்ஸ் வந்தபோது வழியில் பார்த்துவிட்டு, “சித்தப்பா, நீங்க குடுத்துட்டுப் போன சாமிக்கு நான் ஒரு நாளும் கொற வெக்கல,” என்றாள். வயிற்றில் ஐந்து மாதம். நான் நல்லாரும்மா என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஏற்கெனவே ஈரத்தில் நின்ற மரம், அதன் காலில் தினமும் ஒரு செம்பு தண்ணீர்.

பிறந்தது ஆண் பிள்ளை. அதற்கு எட்டாவது மாதம் மழை பிடித்தது. கிள்ளானில் மூன்று நாளாக வேலை நின்றுபோய், நாங்கள் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். வெள்ளத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் கையில் கோப்பையை வைத்துக்கொண்டு, நான் விற்றுவிட்டு வந்த வீட்டின் அடுப்படி இந்த மழையைத் தாண்டாது, வேண்டுமானால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சபை நிறைய ஆட்கள் இருந்ததால் வாய் சும்மா இருக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் போய் எச்சரிக்க, ரயில் அரைமணிக்கு ஒன்று இல்லாவிட்டாலும் அன்றைக்கு ஒன்று இருந்தது. நான் ஏறவில்லை. இன்னொரு கோப்பை காப்பி சொன்னேன்.

மறுநாள் பகலில் விழுந்தது. பிள்ளையை முன்கட்டில் தூளியில் போட்டுவிட்டு அவள் சோறு வடிக்க உள்ளே போயிருக்கிறாள். தூண் ஒடியவில்லை மகனே, ஒடிவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை, மடங்கிற்று. உத்தரம் இறங்கிக் கூரைத் தகரத்தோடு அடுப்பின்மேல் வந்தது. பக்கத்து வீட்டுச் சூசையும் இன்னும் மூன்று பேரும் ஓடி வந்து தகரத்தைத் தூக்கினார்கள். வடித்துக்கொண்டிருந்த உலைத்தண்ணீர் அவள் மேலேயே கவிழ்ந்திருந்தது. உயிரோடுதான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். சாமி கோவிச்சுக்கிச்சா, நான் என்ன கொற வெச்சேன் என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாளாம். பொன்னுசாமி என்னை அழைத்துவர ஆள் அனுப்பினான், முனீஸ்வரனைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும் என்று. நான் போனேன். ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். உள்ளே போகவில்லை. அவள் போய்விட்டாள் என்று வெளியே வந்து சொன்னார்கள்.

கிள்ளானில் என்ன நடந்தது தெரியுமா? நான் சொன்னது பலித்துவிட்டது என்று பேச்சுப் பரவிற்று. அன்று தொடங்கியதுதான் இந்த வாக்குச் சித்தப்பா பட்டம். உனக்கு எப்படி அது முன்னாலேயே தெரிந்தது என்று இத்தனை வருஷத்தில் ஒரு மனிதன் என்னைக் கேட்கவில்லை.

சாவுக்கு எட்டாம் நாள், பொன்னுசாமியும் லைன் ஆட்கள் பத்துப் பேரும் அ லோக்கின் பட்டறைக்குப் போனார்கள். நான் ஐம்பது பேர் என்று சொல்லியிருப்பேன், பத்துப் பேர்தான். உன் அப்பாவும் நானும் கூடப் போனோம். அந்தத் தூணைப் பார்த்தபோது நான் கெட்டது என்றுதான் சொன்னேன் என்று அ லோக் மலாயில் சொன்னான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கத்தவில்லை, சத்தம் போடவில்லை. “பொய் சொல்றான்,” என்று மட்டும் சொன்னேன். அவனுக்கு அந்த ஒரு தமிழ் வார்த்தை தெரியும் போலிருக்கிறது. என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு உன் அப்பாவின் பக்கம் திரும்பி, அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையன்கள் அவனுடைய இழைப்புளிகளை எடுத்துத் தெருவில் போட்டு மிதித்தார்கள். அதற்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸில் வீட்டைப் பார்த்துச் சொல்ல அவனை யாரும் கூப்பிடவில்லை. இப்போது சவப்பெட்டி செய்கிற ஒருவரிடம் கூலிக்குப் பலகை இழைக்கிறான் என்று கேள்வி.

உன் அப்பா அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தார். அவரைப்பற்றி நீ கேட்டதில்லை, நான் சொன்னதும் இல்லை. அந்தக் குழந்தையைப் பார்க்க வாரம் தவறாமல் பொன்னுசாமி திரும்பிப் போயிருந்த லைன் வீட்டுக்குப் போவார். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் என்னிடம், “அந்தத் தச்சன நான்தானேடா கூட்டியாந்தேன்,” என்றார். வேறு நாள் திரும்பவும் அதையே சொன்னார். நோய் வந்து படுத்தபோதும் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, விடுண்ணே, விதி என்று சொன்னேன். விதி என்று சொன்னேன், மகனே. அவர் அதை நம்பாமலேயே போய்ச்சேர்ந்தார்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். சுண்ணாம்பு அடிக்க நான் ஆள் விடமாட்டேன். சுண்ணாம்பு அடித்த வீட்டை யாரும் பார்க்க முடியாது, சுண்ணாம்பைத்தான் பார்க்க முடியும். இருக்கிறபடியே இருக்கட்டும். முதலில் அடுப்படிக்குக் கீழே கிடக்கிற களிமண்ணை வாரி, ஓர் ஆள் படுத்துப் போகிற அளவுக்கு வழி செய்ய வேண்டும். மரமும் செங்கல்லும் சேருகிற இடத்தில் மண்ணால் கோடு கோடாக ஏறியிருக்கிறதா என்று விளக்கு பிடித்துப் பார்க்க வேண்டும். கரையான் அந்தப் பாதையில்தான் வரும். கூரைத்தண்ணீர் சொட்டுகிற மூலையில் உத்தரத்தின் நுனியைப் பார்க்க வேண்டும். தார் பூசிய இடமெல்லாம் சுரண்டிப் பார்க்க வேண்டும். உன் அம்மா அடுப்படிச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் சாமி படங்களைக் கழற்று, பின்னால் பலகையைத் தட்டு. பயப்படாதே, படத்தைக் கழற்றியதற்காக ஒரு தெய்வமும் உன்னைக் கேட்காது, கழற்றாததற்குத்தான் கேட்கும். தட்டினால் மட்டும் போதாது, உளியால் குத்திப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் நீயே ஈப்போவிலிருந்து வந்து, அந்த வாத்தியாரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய். அவர் மனைவியும் வரட்டும். எந்தப் பெண் அங்கே சமைக்கப் போகிறாளோ அவள் காதில் அந்தச் சத்தம் விழட்டும். தூண் கெட்டிருந்தால் மாற்றிக் கொடு. எடுத்துப்போட்ட தூணை வாசலில் போட்டுவை, போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டும், செங்கால் இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும். எனக்கு அது முடியவில்லை. லைன் முழுக்கச் செங்கால் செங்கால் என்று பறையடித்தவன், அந்த உளுத்த கட்டையை எப்படி எல்லார் முன்னாலும் வெளியே தூக்கிப்போடுவேன் என்று நினைத்தேன். அதற்காகத்தான் மஞ்சள் பூசினேன். நினைத்துப் பார்த்தால் அவ்வளவு சின்னக் காரியம்.

தச்சன் யார் என்று நீ கேட்பாய். அ லோக்தான். போன ஞாயிற்றுக்கிழமை நான் ரயிலேறிப் புடுவுக்குப் போனேன். அவன் பலகை இழைத்துக்கொண்டிருந்தான், கிழவனாகிவிட்டான். என்னைத் தெரிந்துகொண்டான், வேலையை நிறுத்தவில்லை. என் அண்ணன் வீடு விற்பனைக்கு இருக்கிறது, நீ வந்து பார்க்க வேண்டும் என்றேன். யாரிடம் சொல்ல வேண்டும், உன்னிடமா என்று கேட்டான். இல்லை, வாங்குகிறவரிடம் நேராகச் சொல் என்றேன். இன்னும் இரண்டு அடி இழைத்துவிட்டு, வருகிறேன் என்றான். இந்தக் கடிதத்தை நான் ஒட்டி அனுப்பவில்லை. பிரிக்பீல்ட்ஸில் நம் ஆட்கள் கூடிப் பத்திரிகை வாசிக்கிற இடத்தில் கொடுத்து, எல்லாரும் இருக்கிற நேரத்தில் சத்தமாக வாசித்துவிட்டு உனக்குத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். பொன்னுசாமி அங்கே வருவான். அவன் வராவிட்டால் வருகிற நாளில் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவன் என் வாசலுக்கு வந்தால் நான் எங்கும் போகமாட்டேன்.

என் வாயில் வருகிற எதையும் மூன்றில் ஒன்றாகக் குறைத்து நம்ப வேண்டும் என்று உன் சித்தி சொல்லுவாள். சரிதான். நாற்பது பேர் கேட்டார்கள் என்று எழுதினேன், பந்தியில் பத்துப் பேர்கூட இல்லை. எஞ்சினீயர் தொப்பியை எடுக்கவில்லை. அ லோக் தூணில் காதை வைக்கவும் இல்லை, கூரை ஏறவும் இல்லை, காப்பி குடிக்கவும் இல்லை. அவையெல்லாம் பேச்சுக்கு உப்பு, போனால் போகட்டும். அடுப்படியில் நடந்தது இவ்வளவுதான். அவன் ஒரு தட்டுத் தட்டினான். உளியை எடுத்துக் குத்தினான், அது பிடிவரை உள்ளே போயிற்று. இழுத்தபோது அதன் நுனியில் ஈரமண்ணும் நாலைந்து வெள்ளைப் பூச்சிகளும் வந்தன. அதை என் கண்ணுக்கு நேராக நீட்டி, தியாங் ரோசாக், தூண் கெட்டுவிட்டது, இப்படியே விற்காதே, ஆள் செத்துப்போகும், இரண்டு நாள் கொடு, புதுத்தூண் வைத்துத் தருகிறேன் என்று சொன்னான். எனக்கு மலாய் நன்றாகத் தெரியும், ஒரு சொல்லும் தவறவில்லை. அடுத்த வாரம் வா என்று அனுப்பிவைத்தேன். உன் அப்பா கூட்டி வந்தது சரியான ஆளைத்தான் மகனே. அவன் பாகுஸ் என்று சொன்னான் என்பது நான் கட்டிய கதை.